‘ஆல்தோ’ போட்ட பிறகு ‘பட்’ எதற்கு?

வாசகர் கேள்வி:

அக்கா, வணக்கம். எனக்குச் சொந்த ஊர் வீரவநல்லூர். திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஏழு வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். லண்டன் பக்கம் வேலைக்குப் போகலாம் என்று ஐயெல்ட்ஸ் என்கிற ஆங்கிலப் பரீட்சை எழுதுகிறேன். ரெண்டு தடவையும் ரைட்டிங்கில் மட்டும் 6 தான் வந்தது, எனக்கு 6.5 வேண்டும். கோச்சிங்கில் 42 லிங்கிங் வேர்ட்ஸ், அதாவது இணைப்புச் சொற்கள், உள்ள ஒரு தாளைக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொன்னார்கள், பண்ணிவிட்டேன். அதில் ஹவ்வெவர், நெவர்தலெஸ், ஆன் தி அதர் ஹேண்ட், ஆன் தி கான்ட்ரரி எல்லாவற்றுக்கும் நேரே ‘ஆனால்’ என்றுதான் போட்டிருக்கிறது. அப்படியென்றால் எதை எங்கே போடுவது? ஒரு கட்டுரைக்கு எத்தனை? பட் என்று வாக்கியத்தைத் தொடங்கினால் மார்க் போய்விடுமா? நான் எழுதிய ஒரு பத்தியை அனுப்பியிருக்கிறேன். அம்மா ஊரில் தனியாக இருக்கிறாள், இந்தத் தடவையாவது முடித்துவிட வேண்டும். கோபப்படாமல் திருத்துங்கள் அக்கா.

பதில்:

கோபம் உங்கள் மேல் இல்லை தங்கச்சி, அந்தத் தாளின் மேல்தான். 42 சொல்லை வரிசையாக அடித்து எல்லாவற்றுக்கும் நேரே ‘ஆனால்’ என்று எழுதிக் கொடுப்பது, மருந்து அலமாரியில் இருக்கிற எல்லா டப்பாவிலும் ‘மாத்திரை’ என்று மட்டும் லேபிள் ஒட்டி வைப்பது போல. அந்த அலமாரியிலிருந்து ஒரு நோயாளிக்கு நீங்கள் ஒரு மாத்திரையாவது எடுத்துக் கொடுப்பீர்களா? மாட்டீர்கள். ஆனால் கட்டுரையில் கொடுத்துவிட்டீர்கள்.

நீங்கள் அனுப்பிய பத்தியை இங்கே அப்படியே போடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். இளைஞர்கள் வேலைக்காகச் சொந்த ஊரை விட்டுப் போவது நல்லதா என்பதுதான் தலைப்பு. “ஆல்தோ யங் பீப்புள் கெட் குட் சாலரி இன் சிட்டீஸ், பட் தே மிஸ் தேர் பேரன்ட்ஸ். ஹவ்வெவர், சிட்டீஸ் ஹேவ் குட் ஹாஸ்பிட்டல்ஸ். ஆன் தி கான்ட்ரரி, வில்லேஜ் ஏர் இஸ் ஃப்ரெஷ். நெவர்தலெஸ், தேர் ஆர் நோ ஜாப்ஸ் இன் வில்லேஜஸ்.”

இதைக் கொஞ்சம் சத்தமாக வாசித்துப் பாருங்கள். நகரத்தில் சம்பளம் உண்டு, ஆனால் அப்பா அம்மாவைப் பிரிய வேண்டும், ஆனால் ஆஸ்பத்திரி உண்டு, ஆனால் கிராமத்துக் காற்று நல்லது, ஆனால் கிராமத்தில் வேலை இல்லை. நாலே வாக்கியம், நாலு திருப்பம். ஜங்ஷனில் ஏறி டவுனுக்குப் போகச் சொன்னால், ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறி இறங்கி, மறுபடி ஏறி மறுபடி இறங்கி, கடைசியில் ஏறின இடத்திலேயே இறக்கிவிட்டுக் காசு கேட்கிற ஆட்டோ மாதிரி இருக்கிறது. வாசிக்கிற பரீட்சைக்காரருக்கு நீங்கள் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. பெரிய இலக்கணப் பிழை என்று பார்த்தால் இதில் ஒன்றுதான், அதற்கு வருகிறேன். உங்களை 6-லேயே பிடித்து வைத்திருப்பது அந்தப் பிழை இல்லை, இந்தத் தள்ளாட்டம்.

மார்க் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனின் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில் உங்களிடம் ரைட்டிங்குக்குக் கேட்பது 6.5, மற்ற மூன்றுக்கும் 7. மற்ற மூன்றையும் தாண்டிவிட்டீர்கள், அதுவே பெரிய காரியம். ரைட்டிங்கைத் திருத்துகிறவர் நாலு விஷயம் பார்க்கிறார்: கேட்டதற்குப் பதில் இருக்கிறதா, எழுத்து கோவையாகப் போகிறதா, சொல்வளம் எப்படி, இலக்கணம் எப்படி. நாலுக்கும் சம எடை. இணைப்புச் சொல் என்பது அந்த இரண்டாவதற்குள் ஒரு பகுதி, அவ்வளவுதான். இந்த அளவுகோல் ரகசியமும் கிடையாது, பரீட்சை நடத்துகிறவர்களே வெளியிட்டிருக்கிறார்கள். இணைப்புச் சொற்களைப் போதாமலோ தப்பாகவோ அளவுக்கு மேலேயோ போடுவதை அதில் 5-ஆம் பேண்டின், அதாவது 5 மார்க் நிலையின், அடையாளமாகச் சொல்லியிருக்கிறார்கள். 9-ஆம் பேண்டுக்குச் சொல்லியிருப்பது, இணைப்பு இருப்பது கண்ணில் படுவதே அபூர்வமாக இருக்க வேண்டும் என்று. நீங்கள் 42-ஐயும் கண்ணில் படும்படி போட வேண்டும் என்று ராத்திரி ட்யூட்டிக்கு நடுவில் உட்கார்ந்து மனப்பாடம் செய்திருக்கிறீர்கள். சொல்லிக் கொடுத்தவர்களை நினைத்தால் எரிச்சல் வருகிறது, சரி, விடுங்கள்.

முதலில் அந்த ஒரு இலக்கணப் பிழை. ஆல்தோ போட்டால் அதே வாக்கியத்தில் பட் வராது. ஒன்று போதும். “ஆல்தோ யங் பீப்புள் கெட் குட் சாலரீஸ் இன் சிட்டீஸ், தே மிஸ் தேர் பேரன்ட்ஸ்” என்று எழுதலாம், அல்லது ஆல்தோவை எடுத்துவிட்டு நடுவில் பட் வைக்கலாம். இது எல்லோருக்கும் தெரிந்த விதிதான், எட்டாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். தெரிந்தும் ஏன் இத்தனை பேர் இதே தப்பைச் செய்கிறோம்? பாளையங்கோட்டையில் உட்கார்ந்து இருபது வருடத்துக்கு மேலாகப் பிள்ளைகளின் கட்டுரைகளையும் ஆராய்ச்சி மாணவர்களின் தீசிஸையும் திருத்துகிறேன், தென்னகத்து ஆக்ஸ்ஃபோர்டு என்று பேர் வாங்கின ஊர், இங்கேயும் இது வாரத்துக்கு நாலு வரும். எனக்குத் தோன்றுகிற காரணம் இது. தமிழில் ‘மழை பெய்தாலும் குளம் நிறையவில்லை’ என்கிறோம். அந்த ‘ஆலும்’ எங்கே உட்கார்ந்திருக்கிறது பாருங்கள், ரெண்டு பாதியும் சேருகிற மூட்டில். நமக்கு எதிர்ச்சொல் என்றால் மூட்டில்தான் இருக்க வேண்டும், பிறந்ததிலிருந்து அப்படித்தான் கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஆங்கிலத்தில் ஆல்தோ வாசலிலேயே வந்து நின்றுகொள்கிறது, மூட்டில் வெறும் கமாதான். அந்த இடம் காலியாகக் கிடப்பது நம் காதுக்குப் பொறுக்கவில்லை, அதனால் கை தானாக ஒரு ‘பட்’டைக் கொண்டுபோய் அங்கே செருகிவிடுகிறது. காரணம் தெரிந்தால் திருத்துவது சுலபம். அடுத்த தடவை ஆல்தோ எழுதும்போது, கமாவுக்கு அப்புறம் கை கொஞ்சம் தயங்கும், அந்தத் தயக்கத்தைத் தாண்டி நேராக எழுவாயை எழுதிவிடுங்கள்.

டிஸ்பைட் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அந்தத் தாளில் இருந்திருக்கும். டிஸ்பைட்டுக்குப் பின்னால் பெயர்ச்சொல், முழு வாக்கியம் வராது. ‘மழை பெய்தாலும்’ என்றால் ஆல்தோ, ‘மழையையும் மீறி’ என்றால் டிஸ்பைட். டிஸ்பைட் ஆஃப் என்று ஒன்று கிடையாது, ஆஃப் வேண்டுமென்றால் இன் ஸ்பைட் ஆஃப். அவ்வளவுதான் அதில்.

அப்புறம், ஆல்தோவில் இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது, அதை யாரும் சொல்லித் தருவதில்லை. எந்தப் பாதியை ஆல்தோவுக்குள் போடுவது? இதற்குப் பதில் உங்களுக்கு ஏற்கனவே தெரியும், தெரியும் என்பதுதான் உங்களுக்குத் தெரியவில்லை. ராத்திரி ட்யூட்டி முடிந்து காலையில் ஹேண்ட்ஓவர் கொடுக்கிறீர்கள். ஆறாம் நம்பர் பெட். ‘காய்ச்சல் விட்டிருந்தாலும் பிரஷர் குறைவாக இருக்கிறது, டாக்டர்’ என்கிறீர்கள். இதையே ‘பிரஷர் குறைவாக இருந்தாலும் காய்ச்சல் விட்டிருக்கிறது, டாக்டர்’ என்றும் சொல்லலாம். தகவல் ரெண்டிலும் ஒன்றேதான், ஒரு எண் கூட மாறவில்லை. ஆனால் முதலாவதைக் கேட்டவர் ஆறாம் நம்பர் பெட்டைப் பார்த்து நடப்பார், இரண்டாவதைக் கேட்டவர் டீ குடித்துவிட்டு வருவார். ‘ஆலும்’ ஏறின பாதி, ‘சரி, அது இருக்கட்டும்’ என்று நீங்கள் விட்டுக்கொடுத்த பாதி. மற்றதுதான் நீங்கள் நிற்கிற பாதி. ஏழு வருடத்தில் நீங்கள் ஒரு தடவை கூட இதை மாற்றிச் சொல்லியிருக்க மாட்டீர்கள், ஏனென்றால் மாற்றிச் சொன்னால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். கட்டுரையில் உயிர் போகாது என்பதால் எந்தப் பாதி எங்கே என்று யோசிக்காமல் எழுதிவிடுகிறீர்கள்.

ஆங்கிலத்திலும் இதே கணக்குதான். ஆல்தோ ஏறினது விட்டுக்கொடுத்தது, ஏறாதது உங்கள் பக்கம். பட் என்றால் அதற்குப் பின்னால் வருவது உங்கள் பக்கம். வெளியூர் போவது நல்லது என்பது உங்கள் கட்சியானால், பெற்றோரைப் பிரிகிற வருத்தம் ஆல்தோவுக்குள் போக வேண்டும், சம்பளம் வெளியே நிற்க வேண்டும். நீங்கள் எழுதியிருப்பது தலைகீழ். கட்டுரையின் முடிவில் ‘ஆகவே இளைஞர்கள் நகரத்துக்குப் போக வேண்டும்’ என்று முடிக்கப்போகிறவர், முதல் வாக்கியத்திலேயே எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்டுவிட்டுத் தொடங்கியிருக்கிறீர்கள்.

சரி, ஹவ்வெவர். இது பட் மாதிரி ரெண்டு வாக்கியத்தை ஒட்டுகிற பசை கிடையாது. முன்னால் ஒரு முற்றுப்புள்ளி அல்லது அரைப்புள்ளி வேண்டும், பின்னால் கமா வேண்டும். “தி சாலரி இஸ் ஹை, ஹவ்வெவர் தி ரென்ட் இஸ் ஆல்சோ ஹை” என்று எழுதினால் தப்பு. இங்கே பட் போட்டுவிட்டால் பிரச்சினையே இல்லை. ஹவ்வெவர்தான் வேண்டுமென்றால், ஹை என்ற இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிட்டு ஹவ்வெவரைப் பெரிய எழுத்தில் தொடங்கிக் கமா போடுங்கள்.

ஆனால் ஹவ்வெவரை எப்போதும் வாக்கியத்தின் தலையிலேயே கட்ட வேண்டும் என்று யார் சொன்னது? அதை உள்ளே தள்ளிப் பாருங்கள், அங்கேதான் அதன் அழகு. நம் ஊர்ப் பேப்பரில் மழைக்காலத்தில் தினமும் அணை நீர்மட்டம் போடுவார்கள் இல்லையா, பாபநாசம் இவ்வளவு, சேர்வலாறு இவ்வளவு, மணிமுத்தாறு இவ்வளவு என்று. பாபநாசத்தின் உச்ச மட்டம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. தென்மேற்குப் பருவத்தில் பாபநாசம் கடகடவென்று ஏறும், மணிமுத்தாறு பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகை மழைக்காகக் காத்திருக்கும். அதைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள்? ‘பாபநாசம் அணை நிறைந்துவிட்டது. மணிமுத்தாறோ இன்னும் பாதி கூட எட்டவில்லை.’ அந்த ‘ஓ’ என்ன செய்கிறது? எந்தச் சொல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறதோ அதைப் பிடித்து, ‘இதைப் பார், இது வேறு மாதிரி’ என்று காட்டுகிறது. ஆங்கிலத்தில் நடுவில் வருகிற ஹவ்வெவர் அச்சாக அந்த ‘ஓ’தான். “தி பாபநாசம் டேம் இஸ் ஃபுல். மணிமுத்தாறு, ஹவ்வெவர், இஸ் நாட் ஈவன் ஹாஃப் ஃபுல்.” எழுவாய்க்கு அடுத்து, ரெண்டு பக்கமும் கமாவோடு. தமிழில் எங்கெல்லாம் உங்களுக்கு ‘ஓ’ போடத் தோன்றுகிறதோ, ‘சம்பளம் கூடுதல், வாடகையோ அதைவிடக் கூடுதல்’ என்று, அங்கெல்லாம் ஹவ்வெவரை அந்தச் சொல்லுக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள். மனப்பாடம் பண்ணினவர் எழுதினது மாதிரி இருக்காது.

கமா இல்லாத ஹவ்வெவர் வேறு ஆள், அதையும் சொல்லிவிடுகிறேன். “ஹவ்வெவர் ஹார்ட் ஐ ட்ரை” என்றால் ‘எவ்வளவு முயன்றாலும்’. கமாவை மறந்தால் வாசிக்கிறவர் அந்தப் பக்கம் போய்விட்டுத் திரும்ப வேண்டியிருக்கும்.

இப்போது நீங்கள் கேட்டதிலேயே முக்கியமான கேள்வி, ஆன் தி அதர் ஹேண்டும் ஆன் தி கான்ட்ரரியும். ரெண்டுக்கும் ஆயிரம் மைல் தூரம். ஆன் தி அதர் ஹேண்ட் என்றால் ஒரே விஷயத்துக்கு இன்னொரு பக்கம், ரெண்டு பக்கமும் உண்மை. ‘ஆனால் மறுபக்கம் பார்த்தால்’ என்று பெரியவர்கள் பஞ்சாயத்தில் சொல்வார்களே, அது. ஆன் தி கான்ட்ரரி என்றால் முன்னால் சொன்னதை மறுப்பது. ‘அப்படியெல்லாம் இல்லை, நேர்மாறு’. அதனால் அதற்கு முன்னால் ஒரு ‘இல்லை’ இருக்க வேண்டும், அல்லது யாரோ சொன்ன, மறுக்கப்பட வேண்டிய ஒரு பேச்சு இருக்க வேண்டும். வெளியூர்க்காரர்கள் நம் அல்வாவை மைதாவில் கிண்டுவதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் சொல்லுங்கள்: திருநெல்வேலி அல்வா மைதாவில் செய்வது இல்லை, ஆன் தி கான்ட்ரரி, சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்துக் கிண்டுவது. இது சரியான இடம். அதே அல்வாவைப் பற்றி, ருசிக்கு ஈடு கிடையாது, ஆன் தி அதர் ஹேண்ட் சர்க்கரை நோயாளிக்கு ஆகாது என்றால் அதுவும் சரியான இடம். ருசியும் உண்மை, சர்க்கரையும் உண்மை. நீங்கள் எழுதியது, நகரத்தில் ஆஸ்பத்திரி உண்டு, ஆன் தி கான்ட்ரரி கிராமத்துக் காற்று நல்லது. கிராமத்துக் காற்று நன்றாக இருப்பதால் நகரத்து ஆஸ்பத்திரி இல்லாமல் போய்விடுமா? மறுப்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

இதில் நான் ஒரு தடவை நன்றாக மாட்டியிருக்கிறேன். இருபத்திமூன்று வயது, எம்.ஏ. முடித்த கையோடு ஒரு கம்பெனிக்கு வேலைக்கு எழுதிப் போட்டேன். லெட்டர் எழுதி முடித்து நாலு பேரிடம் காட்டினேன், நாலு பேரும் பிரமாதம் என்றார்கள். அதில் ஒரு வரி: “ஐ ஹேவ் நோ எக்ஸ்பீரியன்ஸ். ஆன் தி கான்ட்ரரி, ஐ ஆம் ஹார்ட்வொர்க்கிங்.” இண்டர்வியூவில் உட்கார்ந்திருந்தவர் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே, ‘அனுபவம் இல்லைன்னு சொல்லிட்டு அடுத்த வரியிலேயே அது பொய்ங்கிறீங்களே, அப்போ அனுபவம் இருக்கா இல்லையாம்மா?’ என்று கேட்டார். கிண்டல் என்று புரியவே எனக்கு அரை நிமிடம் ஆயிற்று. வேலை கிடைக்கவில்லை, அதற்கு இந்த வரி மட்டும் காரணமாக இருந்திருக்காது, ஆனாலும் இன்றைக்கும் யாராவது அந்தச் சொல்லை எழுதினால் எனக்குக் காது சூடாகிறது. அங்கே பட் போட்டிருந்தால் போதும்.

மூன்றாவதாக இன்னொரு வகை எதிர்நிலை இருக்கிறது, ரெண்டு வேறு வேறு பொருளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது. யாரும் யாரையும் மறுக்கவில்லை, யாரும் விட்டுக்கொடுக்கவும் இல்லை. நம் பக்கத்து நெல்லில் கார் சாகுபடி தென்மேற்குப் பருவமழையை நம்பியது, பிசானச் சாகுபடியோ வடகிழக்கை நம்பியது. அதற்கு வேர்ஆஸ், வைல், பை கான்ட்ராஸ்ட். உங்களுக்கு ரைட்டிங்கின் முதல் கேள்வியான டாஸ்க் ஒன்றில் படமோ அட்டவணையோ கொடுத்து விவரிக்கச் சொல்வார்கள் இல்லையா, அங்கே வேலை செய்கிறது இந்த வகைதான். 2000-த்தில் இது ஏறியது, அது இறங்கியது, அவ்வளவுதானே. அங்கே நெவர்தலெஸ்ஸுக்கு என்ன வேலை?

நெவர்தலெஸ் பற்றி என் அபிப்பிராயம் கொஞ்சம் கடுமையானது, மற்ற வாத்தியார்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அது தப்பான சொல் இல்லை. ‘நீ சொன்னது அத்தனையும் உண்மை, மறுக்கவில்லை, அப்படியிருந்தும் என் முடிவு மாறாது’ என்கிற அளவுக்குக் கனமான சொல். அந்தக் கனம் கட்டுரையில் அநேகமாக ஒரே ஒரு இடத்தில்தான் வரும், பல கட்டுரைகளில் வராமலே போகும். கிராமத்தில் வேலை இல்லை என்று சொல்வதற்கு நெவர்தலெஸ் போடுவது, கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு ஆற்றுக்குக் குளிக்கப் போவது போல. ஸ்டில், யெட் ரெண்டும் அதே வேலையைக் கைத்தறிச் சேலையில் செய்யும், உங்கள் ஊரிலேயே நல்ல தறி இருக்கிறது.

பட் என்று தொடங்கலாமா? தொடங்கலாம். கூடாது என்று இலக்கணத்தில் எங்கேயும் இல்லை, நல்ல ஆங்கில எழுத்தாளர்கள் பக்கத்துக்கு ரெண்டு இடத்தில் தொடங்குகிறார்கள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேண்டாம் என்றதற்குக் காரணம், பிள்ளைகள் எல்லா வாக்கியத்தையும் பட் என்றும் அண்ட் என்றும் தொடங்குவார்கள், அதைக் கட்டுப்படுத்துவதற்கு. பரீட்சைத் தாளில் மட்டும் நான் என்ன சொல்வேன் என்றால், வாக்கியத்தின் தலையில் ஹவ்வெவர், நடுவில் பட். திருத்துகிறவர் பழைய ஆளாக இருந்தாலும் ஒன்றும் சொல்ல முடியாது. ‘பட்’டைக் கண்டு வெட்கப்படவும் வேண்டாம். அது சின்னச் சொல், ஆனால் பாதி நேரம் அதுதான் சரியான சொல்.

எத்தனை என்று கேட்டிருந்தீர்கள். கட்டுரை எழுதுகிற டாஸ்க் ரெண்டில் 40 நிமிடம், குறைந்தது 250 சொல் எழுத வேண்டும், டாஸ்க் ஒன்றைவிட இதற்கு இரண்டு மடங்கு எடை. 250 சொல்லில் நாலைந்து பத்தி வரும். பத்திக்கு ஒரு பெரிய திருப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் தேவைப்பட்ட பத்தியில் மட்டும். வாக்கியத்துக்குள்ளே வருகிற சின்னச் சின்ன ‘பட்’டையெல்லாம் நான் எண்ணுவதில்லை. ஆனால் எண்ணிக்கையை வைத்து எழுத ஆரம்பித்தால் மறுபடி தாளுக்குத்தான் போவீர்கள், அதனால் வேறு ஒரு வழி சொல்கிறேன். எழுதி முடித்ததும் ஒவ்வொரு எதிர்ச்சொல்லையும் கட்டைவிரலால் மூடிக்கொண்டு வாசியுங்கள். மூடின பிறகும் ரெண்டு வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு உரசல் தெரிகிறதா? தெரிந்தால் சொல் இருக்கலாம், எடுத்தாலும் பாதகமில்லை. தெரியவில்லையென்றால் அங்கே எதிர்நிலையே கிடையாது, அந்தச் சொல் பொய் சொல்கிறது. உங்கள் பத்தியில் ‘சிட்டீஸ் ஹேவ் குட் ஹாஸ்பிட்டல்ஸ்’, ‘வில்லேஜ் ஏர் இஸ் ஃப்ரெஷ்’, இதற்கு நடுவில் விரலை வைத்துப் பாருங்கள். ஆஸ்பத்திரிக்கும் காற்றுக்கும் என்ன தகராறு? ஒன்றுமில்லை.

இப்போது பத்தியைத் திருப்பி எழுதுவோம். நான் செய்தது மூன்றே காரியம். நகரத்துப் பக்கத்து நல்லதையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்தேன். திருப்பத்தை ஒன்றே ஒன்றாக்கினேன். காற்றைத் தூக்கிவிட்டேன், அது இந்தப் பத்தியில் சும்மா உட்கார்ந்திருந்தது. “யங் பீப்புள் ஹூ மூவ் டு அ சிட்டி யூஷுவலி எர்ன் மோர், அண்ட் தே லிவ் க்ளோஸ் டு குட் ஹாஸ்பிட்டல்ஸ். தேர் பேரன்ட்ஸ், ஹவ்வெவர், க்ரோ ஓல்ட் இன் அ வில்லேஜ் வேர் தி நியரஸ்ட் ஸ்பெஷலிஸ்ட் இஸ் அ லாங் பஸ் ரைட் அவே.” தமிழில் சொன்னால், நகரத்துக்குப் போகிறவர்கள் கூடுதலாகச் சம்பாதிக்கிறார்கள், நல்ல ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள், அவர்களைப் பெற்றவர்களோ, ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்க நெடுநேரம் பஸ்ஸில் போக வேண்டிய ஊரில் மூப்படைகிறார்கள்.

என்ன நடந்தது பார்த்தீர்களா? உங்கள் பத்தியில் ஆஸ்பத்திரியும் இருந்தது, பெற்றோரும் இருந்தார்கள், ஆனால் நாலு திருப்பம் குறுக்கே நின்றதால் ரெண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை. ஆஸ்பத்திரி பிள்ளை பக்கம், நோய் பெற்றவர்கள் பக்கம். அதுதான் நிஜமான எதிர்நிலை, அது உங்கள் கடிதத்தின் கடைசியிலேயே இருந்தது, அம்மா வீரவநல்லூரில் தனியாக இருக்கிறாள் என்று. அதை மட்டும் கட்டுரையில் எழுதாமல் விட்டுவிட்டுக் காற்றைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். வேலை இல்லை என்கிற வரியையும் விட்டுவிடவில்லை நான், அது அடுத்த பத்தியின் முதல் வரியாக இருக்கட்டும், ஏன் போகிறார்கள் என்பதற்குக் காரணமாக. அங்கே எதிர்ச்சொல்லே வேண்டாம்.

ஒன்று கவனிக்க வேண்டும். இப்படித் திருப்பி எழுதினதில் பத்தி பெற்றோர் பக்கம் சாய்ந்துவிட்டது. ‘போகக் கூடாது’ என்பது உங்கள் முடிவானால் இது சரி. ‘போகலாம்’ என்பது முடிவானால், இதற்கு அடுத்து ஒரு வாக்கியம் வேண்டும், கூடுதல் சம்பளத்தால்தான் அந்த வைத்தியச் செலவைக் கட்ட முடிகிறது என்கிற மாதிரி. உங்களுக்கு எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை நீங்கள்தான் முடிவு செய்து, பேனாவைத் தொடுவதற்கு முன்னால் ஓரத்தில் ஒரு வரி தமிழில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரு வரி இருந்தால் எந்தப் பாதிக்கு ஆல்தோ என்கிற சந்தேகமே வராது.

பழகுவதற்கு ரெண்டு வேலை தருகிறேன். ட்யூட்டி முடிந்து வீட்டுக்குப் போகிற பஸ்ஸில், அன்றைக்குக் கொடுத்த ஹேண்ட்ஓவரிலிருந்து ‘ஆலும்’ வந்த அஞ்சு வாக்கியத்தை ஞாபகப்படுத்தி எழுதுங்கள், பேர், பெட் நம்பர் எதுவும் வேண்டாம். அதற்குக் கீழே ஆங்கிலம், ஆல்தோ ஒன்று, பட் ஒன்று, ஹவ்வெவர் ஒன்று என்று மாற்றி மாற்றி. அப்புறம் பேப்பரில் வரும் அணை நீர்மட்டப் பட்டியலை எடுத்து, போன வாரத்தையும் இந்த வாரத்தையும் வைத்து அஞ்சு வாக்கியம், இது வேர்ஆஸுக்கும் பை கான்ட்ராஸ்ட்டுக்கும். டாஸ்க் ஒன்றுக்கு இதைவிட நல்ல பயிற்சிப் புத்தகம் கடையில் கிடையாது.

பத்து வாக்கியத்தையும் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். அந்த 42 சொல் தாளைக் கிழித்துப்போட வேண்டாம். பின்பக்கம் காலியாகத்தானே இருக்கும், அதிலேயே எழுதுங்கள்.